தோலுக்கும் குடலுக்கும் நடுவில்

“முட்டுதா பாட்டி?” என்று கேட்டுக்கொண்டே அந்த நர்சுப் பெண் மறுபடியும் கடந்து போனாள். யாருக்குடி நான் பாட்டி, உங்கப்பனை நானா தூக்கி வளர்த்தேன், என்று தொண்டைவரைக்கும் வந்ததை இருளாயி தண்ணீரோடு சேர்த்து விழுங்கினாள். வேறு நாளாயிருந்தால் விழுங்கியிருக்க மாட்டாள். மதுரையின் வடக்குத் தெருக்களில் பாதிக்கு அவள் வாய் தெரியும். தலையில் எவர்சில்வர் கூடையும் இடுப்பில் துணி மூட்டையுமாக முனை திரும்பி, பழைய துணிக்குப் பாத்திரமே என்று அவள் ஒரு குரல் விட்டால், பயந்து கதவைச் சாத்துகிற வீடும் உண்டு, பேரம் பேசுகிற ருசிக்காகவே கதவைத் திறக்கிற வீடும் உண்டு. இன்றைக்குக் கூடை வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. இன்றைக்கு அவளுக்கு வேலை தண்ணீர் குடிப்பது. மூத்திரப்பை நிறைந்தால்தான் அதற்குப் பின்னால் இருக்கிற கர்ப்பப்பை மிஷினுக்குத் தெரியுமாம். நாளைக் காலையில் அந்தக் கர்ப்பப்பையை எடுத்துவிடப் போகிறார்கள். எடுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறார்கள். பார்த்து முடிந்ததும் மாடிக்குப் போய் லேடி டாக்டர் மேஜையில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடத் தெரிந்ததுதான் இப்போது தொந்தரவாகிவிட்டது. ரேகை வைக்கிறவளாய் இருந்தால் எவனாவது கட்டைவிரலைப் பிடித்து அமுக்கிவிட்டுப் போய்விடுவான். கையெழுத்து என்றால் கை தானாக நகர வேண்டும். பக்கத்து நாற்காலியில் மருமகள் சுகப்பிரியா போனை நோண்டிக்கொண்டிருந்தாள். அவள் மடியில் இருந்த துணிக்கடைப் பை, இதுவரை எடுத்த படங்களும் காகிதங்களுமாகப் புடைத்திருந்தது. எல்லாவற்றிலும் எழுதியிருந்தது ஒரே சொல்தான். பை நிறைய ‘ஒண்ணுமில்லை’.

இன்னொரு மடக்குக் குடித்தாள். தண்ணீர் இறங்குவது தெரிந்தது, எங்கே போய் நின்றது என்பது தெரியவில்லை. உள்ளே நடப்பது எதுதான் தெரிகிறது. தொப்புளுக்கு வலப்பக்கம், ஒரு விரல் வைத்தால் மூடிவிடுகிற இடம், அங்கே அது உட்கார்ந்திருந்தது. உள்ளே என்று சொன்னால் உள்ளே இல்லை, வெளியே என்று சொன்னால் வெளியேயும் இல்லை. ஆடித் தள்ளுபடியில் ஊரே புதுத்துணி எடுத்துப் பழசை வெளியே தள்ளுகிற நாட்களில், குனிந்து ஒரு மூட்டையை முடிந்து எழுந்தபோது யாரோ கொக்கி மாட்டிச் சுண்டி இழுத்தார்கள். அன்றைக்கு வந்தது அது. சரி, பிடிப்பு, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் போய்விடும் என்று இருந்தவளுக்கு, அடுத்து தோல் பிசகிப்போனது. அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. துணி விஷயத்தில் இருளாயியை யாரும் ஏமாற்ற முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக நெருடினால் போதும், காட்டனா, கலப்படமா, எத்தனை தண்ணி கண்டது, வெயிலில் காய்ந்ததா வீட்டுக்குள் காய்ந்ததா, எல்லாம் விரல் சொல்லிவிடும். ஒரே ஒரு தடவைதான் கட்டினேன் என்று சத்தியம் பண்ணுகிற வாய்க்கு மேலே விரல் பேசும். அப்பேர்ப்பட்டவளுடைய வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் பொய் சொல்ல ஆரம்பித்தது. வருஷக்கணக்காகக் கட்டிப் பஞ்சாகிப்போன வாயில் புடவை அந்த இடத்தில் மட்டும் கோணிச் சாக்கு. குளிக்கையில் உடம்பெல்லாம் குளுகுளுவென்று இறங்குகிற தண்ணீர் அங்கே வரும்போது வெந்நீர். சில நாள் ஈரத்துணி ஒட்டிக்கொண்டிருக்கும், கை வைத்தால் காய்ந்திருக்கும். சில நாள் மரத்துப்போய், பக்கத்து வீட்டுக்காரி வயிற்றைத் தொடுகிற கூச்சம் வரும். ஆனால் தோலை மட்டும் கிள்ளித் தூக்கினால் உயிர் போகும். அப்புறம் எறும்பு. புடவையை விலக்கிப் பார்த்தால் எறும்பும் இல்லை, தடிப்பும் இல்லை, ஒரு சிவப்பு கூட இல்லை, மூடினால் ஊறும். பெரிய ஆஸ்பத்திரியில் இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். கழுத்தில் குழாய் மாட்டிய பையன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்துக்கொண்டே, “எந்த எறும்பு பாட்டிம்மா, கட்டெறும்பா, பிள்ளையார் எறும்பா?” என்றான். “பிடிச்சு உன் பேண்டுக்குள்ள விடுறேன் தம்பி, எதுன்னு நீயே சொல்லிருவ” என்றாள் இவள். அறை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். வெளியே வந்து மருந்துக்கு வரிசையில் நிற்கும்போதுதான் சிரித்தது சுட்டது. அதற்குப் பிறகு எந்த டாக்டரிடமும் எறும்பைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. தோலை வீட்டில் வைத்துவிட்டு வலியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

ஒண்ணுமில்லை. அந்தச் சொல்லைத் தன்னைவிட அதிகம் சொன்னவள் இந்த ஊரில் இருப்பாளா. வியாபாரத்துக்கே அதுதானே முதல் வார்த்தை. பீரோவிலிருந்து ஒருத்தி பட்டுப்புடவையை எடுத்து நீட்டுவாள், பிரிக்கும்போதே ஜரிகை கண்ணைப் பறிக்கும், இவள் முகத்தைச் சுளித்து, “இதுல ஒண்ணுமில்லக்கா, செத்த ஜரிகை, பூச்சி வேற அரிச்சிருக்கு” என்பாள். எதில் நிறைய இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் ஒண்ணுமில்லை என்று சொல்வது. அதனால் முதல் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு ஒண்ணுமில்லைம்மா என்றபோது இருளாயிக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. சரிதான், ஆரம்பிக்கிறான், நாமும் கொஞ்சம் இழுப்போம், என்று காத்திருந்தாள். அவர் அடுத்தவர்களை உள்ளே கூப்பிட்டார். டாக்டர்கள் பேரம் பேசவில்லை, நிஜமாகவே சொல்கிறார்கள் என்பது புரிய அவளுக்கு ரொம்ப நாளாயிற்று. ரத்தத்தில் ஒண்ணுமில்லை. குழாயை விழுங்கச் சொல்லி இரைப்பைக்குள் எட்டிப்பார்த்தார்கள், அங்கேயும் ஒண்ணுமில்லை. “நார்மல்ன்னு போட்ருக்கான், சந்தோசப்படாம மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியே” என்றான் மகன் தங்கப்பாண்டி. “வலிக்குதுடா.” “அதான் நார்மல்ன்னு போட்ருக்கான்லம்மா.” கையிலிருந்த டம்ளரை அவன் தலைக்கு நேராக வீசினாள். குனிந்துகொண்டான், சுவரில் பட்டு நசுங்கியது. மறுநாள் அதைத் தட்டி நிமிர்த்திக் கூடையில் போட்டு வியாபாரம் பண்ணிவிட்டாள், அது வேறு விஷயம். பக்கத்து வீட்டுப் பேச்சி வந்து பார்த்துவிட்டு, எரியுதுன்னா அது அக்கிதான், எழுதினால் இறங்கிவிடும் என்று அடித்துச் சொன்னாள். போனார்கள். அக்கி எழுதுகிற வேளார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “கொப்புளமே இல்லாம எது மேல எழுதச் சொல்ற ஆத்தா? அக்கின்னா கண்ணுக்குத் தெரியணும். இங்க ஒண்ணுமில்லியே.” நீயுமா என்று இருந்தது அவளுக்கு. “எரியுதுல்ல? எரியிற இடத்துல எழுதுய்யா, கொப்புளம் பின்னாடி வரும்” என்று அவரோடும் பேரம் பேசினாள். செங்காவியைக் குழைத்து இறகால் ஒரு சிங்கம் எழுதினார். இறகு பட்ட ஒவ்வொரு இழுப்பும் பிளேடு. பல்லைக் கடித்துக்கொண்டு சிங்கத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். அடுத்து பார்த்த டாக்டர், “என்னம்மா இது வயித்துல செவப்பா?” என்று பதறினார். “சிங்கம்” என்றாள். அவர் அதற்கும் ஒரு மாத்திரை எழுதினார். கொப்புளம் இல்லாத அக்கி, புண் இல்லாத அல்சர், ஆளாளுக்கு ஒரு பேரைக் கொண்டுவந்து அவள் மேல் போட்டுப் பார்த்து, அளவு சேரவில்லை என்று கழற்றிக்கொண்டு போனார்கள். அவள் மட்டும் அப்படியே நின்றாள்.

பாட்டிலில் பாதி குறைந்திருந்தது. அடிவயிறு கனக்கத் தொடங்கியது. எதிரே ஒரு கர்ப்பிணிப் பெண் புருஷன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், அவனும் தூங்கினான். இருளாயியின் புருஷன் செவுகன் இப்படித்தான் தூங்குவான், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த உடனே. அவனுக்கும் வயிறுதான். வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிற ஆளுக்கு என்ன வரும், கேஸ் என்றார்கள், சோடா குடித்தான். ஒண்ணுமில்லை என்றார்கள், மறுபடி மூட்டை தூக்கினான். பிறகு ஒரு நாள் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடி அனுப்பிவிட்டார்கள். ஒண்ணுமில்லைக்குள் அப்படியும் ஒன்று இருக்கும். இருந்து, தெரிகிற அளவுக்கு வளர்ந்த பிறகு, தெரிந்து என்ன பண்ண. அந்த நினைப்பைத் தள்ளினால் அதைவிடப் பொல்லாத இன்னொன்று எழுந்து நிற்கும். நிஜமாகவே ஒண்ணுமில்லை என்றால்? மிஷின் பொய் சொல்லவில்லை, தான்தான் சொல்கிறோம் என்றால்? ஒரு டாக்டர் கேட்டாரே, வீட்ல ஏதும் பிரச்சினையா, தனியா இருக்கிறப்ப அழுவீங்களா என்று. “பிரச்சினை இல்லாத வீடு எது, உங்க வீட்ல இல்லியா?” என்று திருப்பிக் கேட்டுவிட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்து குளிக்கும்போது, தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, இருளாயி, உனக்கு நிஜமாவே வலிக்குதா, என்று தன்னையே கேட்டாள். பதில் சொல்ல ஒரு கணம் பிடித்தது. அந்த ஒரு கணம் வலியைவிட மோசம். வலிக்கிறது. வலிப்பது நான். அது இல்லை என்றால் நான் எங்கே இருக்கிறேன். எழுந்து ஒரு நடை நடந்தால் தேவலை என்று இருந்தது. நடந்தால் தண்ணீர் குலுங்கியது. உட்கார்ந்தாள்.

லேடி டாக்டர் கெட்டவள் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். தேன் தடவிய குரல், கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவாள். “இனிமே அது எதுக்கும்மா உங்களுக்கு? பிள்ளையா பெறப் போறீங்க? சின்னதா ஒரு கட்டி இருக்கு, இந்த வயசுல பாதிப் பேருக்கு இருக்கிறதுதான். எடுத்துட்டா ஒரு கவலை விட்டுச்சு.” “எடுத்தா வலி போயிருமா?” “போகலாம்.” “போகலாமா, போயிருமா?” “எடுத்துப் பார்த்தாத்தானம்மா தெரியும்.” அங்கேதான் ஒரு நெருடல். பாத்திரத்தைக் கண்ணில் காட்டாமல் துணியை மட்டும் கேட்கிற வியாபாரத்தை இருளாயியே பண்ணியதில்லை. ஆனால் காப்பீட்டு அட்டையில் எல்லாம் வந்துவிடும், கைக்காசு வேண்டாம் என்றதும் தங்கப்பாண்டிக்கு முகம் மலர்ந்துவிட்டது, சும்மா வர்றதை ஏம்மா விடணும் என்றான். தெருவில் யார்தான் எடுக்கவில்லை. பேச்சி எடுத்துவிட்டாள். “எடுத்தாச்சு, நிம்மதி.” “அப்புறம் ஏண்டி ராத்திரியெல்லாம் முனகுற?” “அது முதுகு மதினி.” எல்லோரும் சொன்னார்கள், இவளும் சரி என்றாள். எப்போது சரி என்றாள்? அதை இப்போது இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். விடிய விடிய எறும்பு ஊறின ராத்திரிக்கு மறுநாள் சரி என்றாள். தெருவில் அவள் கூடையை இறக்குவதற்கும் ஒரு நேரம் வைத்திருந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், சமைத்த பாத்திரம் கழுவி, துணி மடிக்க உட்கார்ந்த பொம்பளை, இத்தனை துணியை வைத்துக்கொண்டு என்னத்தைக் கண்டோம் என்று சலித்து நிமிர்கிற நேரம். அந்த நேரத்தில் போய் நின்றால் போதும், பேரமே வேண்டாம், நல்ல துணியைத் தானாகவே எடுத்துப் போடுவாள். கிழிந்ததா, கிழியாததா என்று பார்க்க மாட்டாள். போனால் போதும் என்று இருக்கும். ஏ இருளாயி, உன்னையும் அந்த நேரத்தில்தானே பிடித்திருக்கிறார்கள். இந்த எண்ணம் வந்ததும் அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அசந்து போயிருந்தாள். போனால் போகட்டும் என்றுதான் இப்போதும் இருந்தது. மூன்று பிள்ளை தங்கி, ஒன்று நின்ற பை. அதனிடம் அவளுக்கு ஒரு பாசமும் இல்லை. ஆனால் அது என்ன தப்புப் பண்ணியது?

“இருளாயி! யாரும்மா இருளாயி? முட்டுதா?” முட்டிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு காலையும் சேர்த்து வைத்து நடந்து போய், சொன்ன இடத்தில் படுத்தாள். இருட்டு அறை, குளிர். ஸ்கேன் பார்க்கிற டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது, ஜலதோஷம் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். வயிற்றில் பசையைப் பிழிந்தாள். எல்லா இடத்திலும் ஜில்லென்றது, அந்த இடத்தில் சுட்டது. “வயித்த லூசா விடுங்கம்மா. தலையணைல தலைய வைங்க.” வைத்தாள். மிஷின் கை வயிற்றில் வழுக்கிக்கொண்டு போனது. திரையில் என்னவோ சாம்பலும் கறுப்புமாக மேகம் ஓடியது. நாளைக்குப் போகப்போகிற பை எப்படித்தான் இருக்கும், ஒரு தரமாவது பார்த்துவிட வேண்டாமா, என்று தோன்றியது. எட்டிப் பார்க்கத் தலையைத் தூக்கினாள். மிஷின் அப்போது அந்த இடத்தில் இருந்தது. “ஆத்தாடி!” என்று அலறியது அவள் வாய்தான். “தலைய வைங்க, தலைய வைங்க” என்றாள் டாக்டரம்மா. வைத்தாள். மிஷின் அதே இடத்தில் அதே அமுக்கில்தான் இருந்தது. வலி இறங்கிவிட்டது. இருளாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். இது என்ன கணக்கு. “டாக்டரம்மா, கைய எடுக்காதீங்க. அங்கயே வைங்க.” மறுபடி தலையைத் தூக்கினாள், கொக்கி இழுத்தது. தலையை வைத்தாள், விட்டது. துணியை வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை தெரியும். நைந்துபோனது தெரியாது. நைந்ததைக் கண்டுபிடிக்க இரண்டு பக்கமும் பிடித்து இழுக்க வேண்டும், இழுத்தால் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். இத்தனை நாளும் இத்தனை பேரும் தன்னை வெளிச்சத்தில் மட்டுமே பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். லூசா விடு, லூசா விடு என்று சொல்லிச் சொல்லியே பார்த்திருக்கிறார்கள். டாக்டரம்மா மிஷினை வைத்துவிட்டாள். பசையைத் துடைத்துவிட்டு ஒற்றை விரலை அந்த இடத்தில் ஊன்றினாள். “கைய ஊன்றாம தலைய மட்டும் தூக்குங்க. இங்கயா?” “அங்கதான், அங்கதான் தாயி!” விரலை ஒரு நூல் தள்ளினாள். “இங்க?” “இல்ல.” திரும்ப வந்தது விரல். “அம்மா!” தன் விரலைத் தவிர இன்னொரு விரல் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது இதுதான் முதல் தடவை. இருளாயிக்குக் கண் இரண்டும் நிறைந்து காதுப் பக்கம் வழிந்தது. அப்புறம் அவள் எறும்பைச் சொன்னாள். வெந்நீரைச் சொன்னாள், ஈரத்துணியைச் சொன்னாள், சிங்கத்தைக்கூடச் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை, மூக்கைத்தான் உறிஞ்சினாள். பஞ்சைக் கிள்ளி எடுத்து வயிற்றில் மெல்ல இழுத்து, “இங்க எப்படி இருக்கு? இங்க?” என்று கேட்டுக்கொண்டே போனாள். “பஞ்சு. பஞ்சு. இது... இது கோணி.”

“உள்ளுக்குள்ள இருக்கிற வலின்னா வயித்த இறுக்குனா அதிகமாகாதும்மா. உங்களுக்குக் கூடுது. அப்ப வயித்துச் சுவத்துலதான் இருக்கணும். அங்க ஓடுற சின்ன நரம்பு ஒண்ணு சதைக்குள்ள சிக்கியிருக்கலாம். தோல் அப்படி ஆகிறதும் அதனாலதான் இருக்கும்.” “அப்ப கர்ப்பப்பையில?” “அது வயசுக்கு ஏத்த மாதிரி இருக்கு. சின்னக் கட்டிதான், அது இந்த மாதிரி வலிக்காது.” “கட்டியால வலி இல்லன்னு எழுதித் தருவீகளா?” “ஸ்கேன் ரிப்போர்ட்டுல பெருசா ஒண்ணுமில்லன்னுதான் வரும். நரம்பு இந்த மிஷின்ல தெரியாது. நான் தனியா எழுதித் தர்றேன். வலிக்குன்னே டாக்டர் இருக்காங்க, அந்த இடத்துல ஊசி மருந்து போட்டுப் பார்ப்பாங்க. அதுல குறைஞ்சா நரம்புதான்னு உறுதி. நான் சொல்றதே முடிவு இல்லம்மா.” “ஆபரேசன்?” டாக்டரம்மா சீட்டில் எழுதத் தொடங்கினாள். “அது உங்க டாக்டர்கிட்ட பேசுங்க. எனக்கு அவசரமா எதுவும் தெரியல.” முடிவு இல்லையாம். இருக்கட்டும். முடிவை யார் கேட்டது. “இன்னொரு தடவை அமுக்குங்க தாயி” என்றாள் இருளாயி. “வலிக்குமேம்மா?” “வலிக்கட்டும், அமுக்குங்க.” அமுக்கினாள். வலித்தது. அது அங்கேதான் இருந்தது. சட்டென்று இன்னொரு சங்கதி நினைவுக்கு வந்து எழுந்து உட்கார்ந்தாள். “பாத்ரூம் எந்தப் பக்கம்? சீக்கிரம் சொல்லுங்க.”

திரும்பி வருகையில் உடம்பு பாதியாக இறங்கியிருந்தது. சுகப்பிரியா போனைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். “என்னத்தே சொன்னாக? எதுவும் இருக்கா?” “இருக்குடி” என்றாள் இருளாயி, வாயெல்லாம் பல்லாக. அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. உதடு கோணி அழுகை கிளம்பியது. “ஏ கழுதை, எதுக்கு அழுகுற? இருக்குன்னுதான சொன்னேன்? இத்தனை நாளா இல்லன்னானுக, அப்ப எவளாவது அழுதீகளா?” என்று அவள் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து நர்சுப் பெண் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “பாட்டி, நாளைக்குக் காலைல உங்களுக்குத்தான் முதல் ஆபரேசன். ராத்திரிக்கு மேல பச்சத்தண்ணி குடிக்கக் கூடாது, வெறும் வயித்தோட வந்துரணும். மேல போய்க் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.” இருளாயி வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மாடிப்படியைப் பார்த்தாள். ஏறினால் வலிக்கும். “கையெழுத்து இல்ல தாயி. ஒரு பேச்சு இருக்கு, பேசிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு முதல் படியில் காலை வைத்தாள். பாதியில் நின்று திரும்பினாள். “காலையில நான் இட்லி திங்கணும்.”